தண்ணீருக்கு மட்டும்

அத்தியாயம் 14

கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு பேர் வாந்தியெடுத்தால் போலீஸ் முதலில் பிடிப்பது சமையல்காரனைத்தான். மாப்பிள்ளை வீட்டாரைப் பிடிக்காது, பந்தல்காரனைப் பிடிக்காது. கொச்சியில் கல்வத்தியில் நடந்த கல்யாணத்திலும் அதுதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருபத்திரண்டு பேர் வாந்தியெடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் சமையல்காரர் முகமது இஸ்மாயில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இறைச்சி பழசு என்று ஊரே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது.

இருபத்தோரு பேர் உப்புத் தண்ணீரும் மாத்திரையுமாகத் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் ஒருத்தி. ஏழு வயது மஞ்சுஷா. நகரசபைத் தற்காலிக ஊழியர் ரதீஷின் ஒரே மகள்.

ரதீஷை நமக்குத் தெரியும். பகலில் காக்கிச் சட்டை, சனி ஞாயிறு மாலைகளில் ஃபோர்ட் கொச்சி ஓட்டலில் சாக்ஸபோன். அவன் அப்பா பாலையா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். அவன் பக்கத்தில் சிஜு பியானோ வாசிப்பான். பின்னால் இரண்டு பெரிய செம்பு முரசுகளோடு நிற்பவன் பாத்திரக்கடை ராவுத்தர் மகன், நம்முடைய ஃபயாஸ்.

புதன்கிழமை காலையில்தான் போலீஸ் பூட்டி வைத்திருந்த கல்யாண வீட்டைத் திறந்து பாத்திரங்களை வெளியே விட்டது. கறி, சோறு, மசாலா என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் குப்பியில் எடுத்துக்கொண்டு போனவர்கள் பாத்திரங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. செம்பு என்று அங்கே சொல்கிற பெரிய செப்பு அண்டாக்கள் பன்னிரண்டும் பஜார் ரோட்டில் சிகாபுதீன் ராவுத்தரின் வாடகைப் பாத்திரக் கடைக் கிடங்குக்கு வந்து இறங்கின.

மட்டாஞ்சேரியில் ராவுத்தர் கடைச் செம்பு வராத கல்யாணம் குறைவு. அவர் அத்தா காலத்துக் கடை. உள்ளே ஈயம் வெள்ளையாகப் பளபளக்காமல் ஒரு செம்பும் அவர் கடைப்படியைத் தாண்டாது. சமையல்காரர்கள் அதைச் சோதித்துக்கூடப் பார்ப்பதில்லை.

கடைசியாக இறங்கிய பாத்திரத்தை அவர் வெளிச்சத்துக்கு இழுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"டேய் ஃபயாஸ். இங்க வா."

அது சமையல் பாத்திரமே இல்லை. டிம்பனி. மேல்நாட்டில் நூறு பேர் உட்கார்ந்து வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவில் கடைசி வரிசையில் நிற்கும் முரசு. செம்புக் கிண்ணம், மேலே தோல், சுற்றிலும் ஆறு திருகாணி. இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். மூன்று வருடத்துக்கு முன் யூதர் தெருப் பழஞ்சாமான் கடையில் ஒரு ஜோடியை வாங்கி ஃபயாஸ் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தபோது, சிகாபுதீன் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "கனம் இருக்கு. இருவது கிலோ அரிசி வேகும்" என்றார். அவருக்குத் தெரிந்த பாராட்டு அதுதான்.

இந்த மழைக்காலத்தில் பெரிய முரசின் தோல் கிழிந்தது. பம்பாயிலிருந்து புதுத் தோல் வரும்வரை, வளையத்தைக் கழற்றி, கிண்ணத்தைக் கிடங்கு மூலையில் மற்றச் செம்புகளோடு கவிழ்த்து வைத்தான். வீட்டில் வேறு இடம் இல்லை. சனிக்கிழமை கல்யாணச் சாமானில் ஒரு பாத்திரம் குறைந்தது. சிகாபுதீன் மூலையைப் பார்த்தார். கிண்ணத்தின் அடியில் விரல் நுழையும் ஓட்டை ஒன்று இருந்தது. முரசுக்கு அது மூச்சுவிடும் வழி. ராவுத்தருக்கு அது ஒழுகல். பற்றவைத்து அடைத்து, ஒரு தண்ணீர் விட்டு அலசி வண்டியில் ஏற்றிவிட்டார். ஈயம் பூச நேரமில்லை. தண்ணீர் நிரப்பி வைக்கத்தானே என்று நினைத்தார்.

இப்போது அதன் உள்பக்கம் இரண்டு நிறமாக இருந்தது. மேல்பாதி பழைய பச்சைக் களிம்பு. கீழ்பாதி வழித்து எடுத்ததுபோல் சிவந்து மினுமினுத்தது. நடுவே ஒரு கோடு.

"நாரங்காவெள்ளம்," என்றார் சிகாபுதீன். எலுமிச்சம்பழச் சர்பத்துக்கு மட்டாஞ்சேரியில் அதுதான் பெயர். "நாரங்கா பிழிஞ்சு இதுல வச்சிருக்கான். ராத்திரி பூரா வச்சிருக்கான். களிம்பு அத்தனையும் அதுல இறங்கிருக்கு."

ஃபயாஸ் குனிந்து அந்தக் கோட்டில் விரல் வைத்துப் பார்த்தான்.

"நாப்பது வருஷமா அடுப்பு முன்னால நிக்கறவன். ஈயம் இல்லாத செம்புல புளிப்பு வச்சா வெஷம்னு அவனுக்கு நான் பறஞ்சு கொடுக்கணுமா? நீ பறஞ்சேல்ல, தண்ணிக்கு மட்டும்னு?"

"பறஞ்சேன்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. சிகாபுதீன் அதைக் கவனிக்கவில்லை. அவர் மனசு வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. கிடங்குக் கதவை உள்ளே தாழிட்டார். ஒரு கை சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு கிண்ணத்தின் முன் குந்தினார்.

"என்னத்தா பண்றீங்க?"

"தேய்க்கறேன். வாசல்ல நில்லு."

நல்ல மனுஷர்தான். ஆனால் நல்ல மனுஷருக்கும் கடை என்று ஒன்று இருக்கிறது, பெயர் என்று ஒன்று இருக்கிறது. தப்பு தன்னுடையதில்லை, சொல்லி அனுப்பியும் கேட்காத சமையல்காரனுடையது என்று அவர் மனசார நம்பினார். அப்படி நம்புகிறவருக்குக் கை நடுங்குவதில்லை.

கதவு தட்டப்பட்டது. ஷமீனாவின் குரல். எறணாகுளத்து ஆசுபத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிற மகள். ராத்திரி டூட்டி முடித்துப் படகேறி வந்திருந்தாள். அம்மா ஜுமைலா ஆலுவாவில் தங்கை பிரசவத்துக்குப் போயிருந்ததால் வீடு பூட்டிக் கிடந்தது. சாவி வாங்கக் கடைக்கு வந்தாள்.

உள்ளே வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"அண்ணே, மஞ்சுவுக்குக் கண்ணு மஞ்சளாயிடுச்சு. மூத்திரம் பாலில்லாத கட்டஞ்சாயா நிறத்துல போகுது. நான்தான் ரத்தம் பார்த்தேன். ரத்த அணு உள்ளுக்குள்ளயே உடையுது."

"கெட்ட கறி தின்னா அப்படித்தானே," என்றான் ஃபயாஸ்.

"ஆகாதாம். கறின்னா இப்படி ஆகவே ஆகாதாம். ஏதோ வெஷம் உள்ள போயிருக்கு, எதுன்னு தெரியலன்னு டாக்டர் தலைய பிச்சுக்கறாங்க. ரதீஷ் சேட்டன்ட்ட பத்து தடவ கேட்டாச்சு, என்ன தின்னா, என்ன குடிச்சா, எலி மருந்து எதும் தொட்டாளான்னு. இன்னதுன்னு தெரிஞ்சா அதுக்கு மருந்து இருக்காம்."

அப்போதுதான் அவள் கண் அத்தாவின் கைகளுக்குப் போனது. சாம்பல் கை, தேங்காய் நார், பாதி தேய்த்த கிண்ணம். அந்தக் கோடு இன்னும் ஒரு பக்கம் மிச்சம் இருந்தது. பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"இதுல என்னத்தா இருந்துச்சு?"

சிகாபுதீன் நாரைக் கீழே வைக்கவில்லை. "நாரங்காவெள்ளம். தண்ணிக்கு மட்டும்னு நான் பறஞ்சு விட்டேன். உன் அண்ணன் போய் பறஞ்சான். இஸ்மாயில் கேக்கல. அந்தப் பாவம் அவனுக்கு."

"பாவம் யாருக்கு வேணாலும் போகட்டும். டாக்டர்ட்ட யாரு சொல்றது?"

"சொன்னா நாளைக்கு இந்தக் கடைல ஒரு கரண்டி வாடகைக்கு எடுக்க ஆள் வருமா?"

"அந்தப் பிள்ள நம்ம வீட்டுல சோறு தின்ன பிள்ளத்தா."

சிகாபுதீன் தலையைக் குனிந்துகொண்டார். தேய்ப்பது நின்றுவிட்டது. ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை.

ஃபயாஸ் சுவரில் சாய்ந்து நின்றான்.  

"அவர் கேக்காம இல்லத்தா. நான்தான் சொல்லல."

சனிக்கிழமை சாயங்காலம் நடந்ததை அவன் கீழே பார்த்தபடியே சொன்னான். வண்டியில் தன் முரசு ஏறியிருப்பதைப் பார்த்ததும் அவனுக்கு ரத்தம் கொதித்தது. அடியில் ஈயக்கட்டி. அந்த ஓட்டையை அடைத்தால் முரசு செத்துவிடும் என்று அத்தாவிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை ஓட்டினான். கல்யாண வீட்டில் கரண்ட் போயிருந்தது. இஸ்மாயில் பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து கிண்ணத்தின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினார். "இதென்ன புதுசா, ஆறு காது வச்சு? ஈயம் பூசினதுதானே?" என்று சிரித்தார்.

அது முரசு என்று சொல்ல ஃபயாஸுக்கு வெட்கமாக இருந்தது. சொன்னால் சமையல்கட்டே சிரிக்கும். ராவுத்தர் மகன் அடிக்கிற கொட்டுக்குள் நாரங்கா பிழிந்தோம் என்று ஒரு வருஷத்துக்குச் சிரிக்கும்.

"எதுக்கு வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னு சொன்னேன். சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன்."

ஷமீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தா அடிப்பார் என்று ஃபயாஸ் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிகாபுதீன் எழுந்து, குழாயடியில் கை கழுவினார். முழங்கை வரை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே பேசினார்.

"ஆசுபத்திரிக்குப் போ. பாத்திரத்துல ஈயம் இல்ல, நாரங்காவெள்ளம் நின்னிருக்குன்னு சொல்லு. அதுபோதும் டாக்டருக்கு. யாரு கொண்டு போனா, யாரு என்ன சொன்னான்னு நீ வாயத் திறக்கக்கூடாது."

"அத்தா..."

"உனக்கு இருவத்தேழு வயசு. எனக்கு அறுவத்தொண்ணு. போ."

"அப்ப இஸ்மாயில் மாமா?" என்றாள் ஷமீனா.

"அவன் வெளிய வருவான். நான் போறேன்ல ஸ்டேஷனுக்கு."

சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார். ஃபயாஸ் தடுத்திருக்கலாம். படகுக்கு நேரமாகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

*

மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து எறணாகுளத்துக்குப் படகு அரைமணி நேரம். ஃபயாஸ் இன்ஜின் பக்கமாக நின்றான். உட்கார்ந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள்.

அவனும் ரதீஷும் சேர்ந்து கண்டுபிடித்தது அந்த முரசு வாசிப்பு. ஜாஸ் குழுவுக்கு அடியில் நின்று தாங்கத் தாழ்ந்த சுருதியில் ஒரு பேஸ் வாத்தியம் வேண்டும். அவர்களுக்கு பேஸ் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. "உன் செம்பு ரெண்டையும் கொண்டு வா, அதையே பேஸ் ஆக்கிடலாம்" என்றான் ரதீஷ். ஜாஸில் யாரும் எதிர்பார்க்காத வாத்தியம். ஃபயாஸ் ஒரு கையால் அடித்து, மறு கையால் திருகாணியைத் தளர்த்தினான். அடித்த ஒலி அணையாமல் அப்படியே கீழே வழுக்கிக்கொண்டு போனது. அந்த வழுக்கலின் மேல் ரதீஷின் சாக்ஸபோன் ஏறி நடந்தது. முதல் நாள் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மேடைக்கு அடியில் மஞ்சுஷா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாள். வயிற்றுக்குள்ளே கேட்கிறது மாமா என்றாள்.

அதை நினைத்ததும் ஃபயாஸ் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான்.

*

குழந்தைகள் வார்டு வராந்தாவில் ரதீஷ் தரையில் உட்கார்ந்திருந்தான். நாலு நாள் தாடி. அவன் மனைவி சுமா சுவரோடு ஒண்டியிருந்தாள். கையில் மகளின் பாவாடையை மடித்து வைத்திருந்தாள்.

ஃபயாஸ் அவர்களைத் தாண்டி நேரே டாக்டரிடம் போனான். மலையாளத்தில், மூச்சு விடாமல், படகில் பாடம் செய்து வைத்ததுபோலச் சொன்னான். ஈயம் பூசாத செம்பு. களிம்பு. நாரங்கா பிழிந்து ராத்திரி முழுக்க நின்றது. காலையில்தான் தண்ணீர் கலந்திருப்பார்கள்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "கலக்குறதுக்கு முன்னால குழந்தை குடிச்சாளா?"

பின்னாலேயே வந்த சுமாதான் பதில் சொன்னாள். "அடியில கெட்டியா இனிப்பா இருந்துதுன்னு பிள்ளைங்க எல்லாம் கோரிக் குடிச்சுதுங்க டாக்டர். இவ ரெண்டு கிளாஸ் குடிச்சேன்னா. காலைல வெறும் வயிறு."

"இதை ஏன் சொல்லலை?"

"நாரங்காவெள்ளம்தானேன்னு..." சுமா கையிலிருந்த பாவாடையைக் கசக்கினாள்.

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். செம்பை உடம்பிலிருந்து இழுத்து வெளியே தள்ளும் மருந்து. இங்கே இருப்பில் இல்லை, உடனே ஆள் அனுப்பி வாங்கி வரச் சொன்னார். பிறகு ஃபயாஸைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலு நாள் ஆயிடுச்சு. முதல் நாளே தெரிஞ்சிருந்தா இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இப்ப கிட்னி ரெண்டும் தாங்கணும்."

நாலு நாள். சனிக்கிழமை ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இந்த வார்டே வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாந்தி என்று கேள்விப்பட்டவுடனேயே அவனுக்குள் சந்தேகம் விழுந்தது. இறைச்சிதான், இறைச்சிதான் என்று ஊரோடு சேர்ந்து அவனும் சொல்லிக்கொண்டான். அந்த நாலு நாளும் அவன் கணக்கில்தான் வருகிறது. அது அவனுக்குத் தெரியும்.

மருந்துக்கு ஆள் போன பிறகும் வார்டு வாசலிலேயே நின்றவன் மத்தியானம்தான் வராந்தாவுக்கு வந்தான். ரதீஷ் அவன் கையைப் பிடித்தான்.

"டேய், உனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

"பாத்திரம் இன்னிக்குத்தான் வந்துச்சு. பார்த்ததும் அத்தாவுக்குப் புரிஞ்சுது."

"ஈயம் பூசாத பாத்திரத்தை ராவுத்தர் இக்கா எப்பிடிடா அனுப்புனாரு?"

ஃபயாஸ் வாயைத் திறக்கும் முன் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு. வெயிலில் வந்த எரிச்சலோடு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினார்.

"மோளுடெ அச்சன் யாரு? பிள்ளையோட அப்பா நீங்களா? கேஸ் மாறிடுச்சு. சிகாபுதீன் ராவுத்தர் ஸ்டேஷனுக்கு வந்து தானே எழுதிக் கொடுத்திருக்கார். ஈயம் இல்லாத செம்ப அவரே வண்டில கொண்டு போய் இறக்கினாராம். தண்ணிக்கு மட்டும்னு சொல்ல மறந்துட்டாராம். கையெழுத்துப் போட்டு ஒப்பு வச்சாச்சு."

 ரதீஷின் முகம் கறுத்தது.

"மறந்துட்டாராமா? அந்த மனுஷன இக்கான்னு கூப்பிட்டேன். என் மக அவரு மடில உக்காந்து அவல் தின்னுருக்கா. மறந்துட்டேன்னு ஒரு ஒப்பு வச்சா முடிஞ்சுதா?"

"முடியல," என்றார் ஏட்டு. "அந்தச் சமையக்காரன் முரண்டு பிடிச்சு ஒரு எடங்கேடு பண்றான். கொண்டு வந்தது ராவுத்தர் இல்லன்னு நிக்கறான். பின்ன யாருன்னு கேட்டா ராவுத்தர் மூஞ்சிய பார்த்துட்டு வாய மூடிக்கறான். நாளைக்குக் காலைல எஸ்.ஐ. ரெண்டு பேரையும் எதிரெதிரா நிறுத்தப் போறார்." அவர் ஃபயாஸின் பக்கம் திரும்பினார். "நீ ராவுத்தர் மகன்தானே? உன்கிட்டயே கேட்டுட்டா வேல எளுப்பமா முடிஞ்சிரும். சனிக்கிழமை வண்டி ஓட்டினது யாரு?"

வராந்தாவில் ஒரு நர்ஸ் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவள் கடந்து போகும்வரை எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். ஃபயாஸுக்கு அந்த நேரம் கிடைத்தது. யோசிக்கக் கிடைத்த நேரம்தான் மனுஷனைக் கெடுக்கிறது. நாளைக்கு இஸ்மாயில் பேசிவிடலாம், பேசாமலும் இருக்கலாம். அத்தா ஒப்பு வைத்தாகிவிட்டது. மஞ்சுவுக்கு மருந்து வந்துகொண்டிருக்கிறது. இனி உண்மையால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று அவன் மனசு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது.

"அத்தாதான் ஓட்டினாங்க," என்றான்.

ஏட்டு எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டார். படியிறங்கிப் போய்விட்டார்.

ரதீஷ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஃபயாஸின் முன்னால் வந்து நின்றான். அடிக்கப் போகிறான் என்று ஃபயாஸ் நினைத்தான், ஒரு கணம் அதை விரும்பவும் செய்தான். ரதீஷ் அவனைக் கட்டிக்கொண்டான். காக்கிச் சட்டையில் நாலு நாள் வியர்வை நாறியது.

"பெத்த தகப்பன எவன்டா காட்டிக் கொடுப்பான்? என் பிள்ளைக்காக நீ கொடுத்தே," என்று அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான். "அவ பொழச்சா அது உன்னாலதான்டா. இத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

ஃபயாஸ் கையைத் தூக்கி அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான்.